காலி நாற்காலியின் சம்பளம்

(நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஊழியர் நியமனப் பிரிவிலேயே முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இம்முறை கேள்விகள் பெரும்பாலும் பணி நியமனத் தடை பற்றியவை.)

கேள்வி: போட்டித் தேர்வில் தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்தது. நியமன ஆணைக்காகக் காத்திருந்த நேரத்தில், புதிய நியமனங்களுக்குத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். காத்திருக்கவா, வேறு வேலைக்குப் போகவா?

வேறு வேலைக்குப் போங்கள், மகளே. அங்கிருந்தபடியே காத்திருங்கள். தடை ஆணையின் முதல் பக்கத்தைச் செய்தித்தாள்கள் போட்டுவிடும். நீங்கள் கடைசிப் பத்திகளைத் தேடிப் படியுங்கள். எந்தத் தேதிக்கு முன் முடிந்த தேர்வுகளுக்குத் தடை பொருந்தாது, எந்தப் பதவிகளுக்கு விலக்கு உண்டு, விலக்குக் கேட்டு எந்த அதிகாரி எழுதலாம் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தேதிதான் உயிர். அமெரிக்காவில் ரீகன் அதிபராகப் பதவியேற்ற அன்றே, 1981 ஜனவரி 20-ல், நியமனத் தடை ஆணையில் கையெழுத்திட்டார். அந்தத் தடையை 1980 நவம்பர் 5-லிருந்தே செல்லும்படி முன்தேதியிட்டார்கள். வேலை உண்டு என்று சொல்லப்பட்டவர்கள் பலர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஆகவே தேர்வு நடந்த நாள், முடிவு வந்த நாள், சரிபார்ப்பு முடிந்த நாள், தேர்ச்சிப் பட்டியல் எதுவரை செல்லும், உங்கள் வயது வரம்பு எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடை நீங்கும் நாளில் முதலில் விழித்துக்கொள்பவருக்கு அந்தத் தாள் பயன்படும்.

கேள்வி: நான் ஒழுங்காக வரி கட்டுபவன். கையில் பணம் இல்லாதபோது ஆள் எடுப்பதை அரசு நிறுத்தினால் அதில் என்ன தவறு? நானும் என் கடையில் அதைத்தானே செய்கிறேன்?

உங்கள் கடையில் ஆளைக் குறைத்தால், எந்த வேலையை விடப்போகிறீர்கள் என்று முதலில் யோசிப்பீர்கள். நியமனத் தடை யோசிப்பதில்லை. யார் ஓய்வு பெறுகிறாரோ, யார் இறந்துபோகிறாரோ, யார் நல்ல வேலை கிடைத்துப் போகிறாரோ, அவருடைய நாற்காலிதான் காலியாகும். எது தேவையில்லாத பதவி என்று முடிவெடுக்கும் சங்கடத்தை மேலே இருப்பவர்கள் காலண்டரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

மாதந்தோறும் காலிப் பணியிட விவரம் தயாரிப்பது என் வேலை. ஒரு தடைக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களைச் சரிபார்த்த ஒரே ஆள் ஓய்வு பெற்றார். மிச்சமான சம்பளம் ஒருவருடையது. அவருடைய வேலை, ஏற்கெனவே சாலைப் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் ‘கூடுதல் பொறுப்பாக’ப் போயிற்று. பதினைந்து நாளில் நகர்ந்த கோப்புகள் நான்கு மாதம் தூங்கின. அனுமதி வராமல் வீடு கட்ட முடியாது. கொத்தனார், தச்சர், மின்பணியாளர், மணல் ஏற்றும் வண்டிக்காரர் என்று எத்தனை பேர் சும்மா இருந்தார்கள் என்பதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. அதே ஆண்டு வேலைவாய்ப்பைப் பெருக்குவோம் என்று சுவரெங்கும் விளம்பரம் எழுதினோம். அந்தச் செலவுச் சீட்டிலும் நான்தான் குறிப்பு எழுதினேன்.

வரி வசூலிப்பவரின் இடம் காலியானால் கணக்கு இன்னும் வேடிக்கை. அவர் சம்பளம் மிச்சம், அவர் வசூலித்திருக்க வேண்டிய வரி பாக்கி. இது என் அலுவலகத்துக் கதை மட்டுமில்லை. அதிபர்கள் கார்ட்டர், ரீகன் காலத்து நான்கு தடைகளை அமெரிக்காவின் தலைமைத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 1982-ல் அறிக்கை தந்தது. ஊழியர் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. மிச்சமானது என்று சொன்ன பணத்தை மிகைநேர ஊதியமும் தனியார் ஒப்பந்தங்களும் தற்காலிக ஆட்களும் ஓரளவோ முழுவதுமோ விழுங்கியிருக்கலாம். கடன் வசூலும் வருவாய் வசூலும் குறைந்தன என்பது அதன் சாரம். அதற்குப் பிறகும் எத்தனையோ நாடுகள் அதையே செய்தன. அயர்லாந்து 2009 மார்ச்சில் செய்தது. கடன் நெருக்கடியில் கிரேக்கம் ஐந்து பேர் போனால் ஒருவரை எடுக்கலாம் என்று விதி வைத்தது. கஜானா வறண்டவர்களுக்கு வேறு வழி உடனே தெரிவதில்லை. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு என்று போட்ட தடை ஆறு ஆண்டு நீடித்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: முதல் முறையாக நகர்மன்ற உறுப்பினராகியிருக்கிறேன். தடை இருப்பதால் யாருக்கும் வேலை போட முடியவில்லை. இளைஞர்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வேலைவாய்ப்பு முகாம் நடத்தலாமா?

நடத்துங்கள், தம்பி. ஆனால் பந்தலில் எத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ணாதீர்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான் பார்த்த எந்த முகாமிலும் அந்த இரண்டாவது கணக்கை யாரும் கேட்டதில்லை.

உங்கள் கையில் அதைவிடப் பெரிய கருவி இருக்கிறது: மன்றம் வாங்கும் பொருள்கள். பிரிட்டனின் பிரெஸ்டன் நகரில் பெரிய வணிக வளாகத் திட்டம் ஒன்று 2011-ல் கைவிட்டுப் போனது. அதன் பிறகு நகர மன்றம் காவல்துறை, கல்லூரி போன்ற பொது நிறுவனங்களைக் கூட்டிவைத்து, உங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்டது. 2012-13-ல் அந்த நிறுவனங்கள் நகருக்குள் செலவிட்டது 3.8 கோடி பவுண்டு. 2016-17-ல் அது சுமார் 11.2 கோடியாயிற்று. ஒரு புதிய பதவியும் உருவாக்காமல் ஆரம்பித்த வேலை அது.

அங்கே செய்த ஒன்றை நீங்களும் செய்யலாம்: பெரிய ஒப்பந்தப்புள்ளியைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது. அலுவலகம் முழுவதற்கும் மேசை நாற்காலி என்று ஒரே ஒப்பந்தம் போட்டால் உள்ளூர்த் தச்சர் முன்வைப்புத் தொகை கட்டவே முடியாமல் வெளியே நிற்பார். இன்னொன்று என் அனுபவத்திலிருந்து: ஒப்பந்ததாரர் தரும் பில்லுக்குரிய பணத்தை முப்பது நாளில் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் பணம் எட்டு மாதம் நிலுவையில் கிடந்ததால் தன்னிடமிருந்த இரண்டு ஆட்களை நிறுத்திய சிறு ஒப்பந்ததாரரை எனக்குத் தெரியும். தாமதத்துக்குக் காரணம், கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி காலி.

கேள்வி: இலவச நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து ஒரு பெரிய தொழிற்சாலையைக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2017-ல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 13,000 வேலை தருவதாகச் சொன்னது. சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு மாநிலம் ஒப்புக்கொண்டது. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது எண்ணிக்கை 1,454 ஆக இறங்கியது. சலுகை 8 கோடி டாலர். வேலை தந்தால்தான் சலுகை என்ற நிபந்தனை இருந்ததால் மாநிலம் பெருமளவு தப்பியது. நிலம் எடுத்து, சாலை போட முன்னதாகவே கடன் வாங்கியிருந்த மவுன்ட் பிளெசன்ட் என்ற சிற்றூருக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சாலை வரட்டும், சலுகை அதன் பின்னால் வரட்டும்.

கேள்வி: உள்ளாட்சியே எல்லோருக்கும் வேலை தருவது நடக்கிற காரியமா?

எல்லோருக்கும் என்றால் எனக்கும் சந்தேகம்தான். நெடுநாள் வேலையற்றவர்களுக்கு என்று சுருக்கினால் நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் மாரியென்தால் என்ற ஆலைக் குடியிருப்பு உண்டு. 1929-30-ல் ஆலை மூடிய பிறகு ஆய்வாளர்கள் அங்கே தங்கிக் கவனித்தார்கள். கை நிறைய நேரம் இருந்தும் மக்கள் நூலகத்தில் முன்னைவிடக் குறைவாகவே புத்தகம் எடுத்தார்கள். தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. அதே ஊராட்சியில் 2020 அக்டோபரில், ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத எவருக்கும் விரும்பினால் வேலை உறுதி என்று ஒரு திட்டத்தை அரசின் வேலைவாய்ப்புச் சேவை தொடங்கியது. மரவேலை, தோட்டவேலை, பழைய பொருள்களைப் புதுப்பிப்பது என்று எளிய வேலைகள்தான்.

கேள்வி: நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு உங்கள் இடத்தை நிரப்பினார்களா?

இல்லை. என் கடைசி நாளில் அந்த மாதக் காலிப் பணியிட விவரத்தில் என் பதவியையும் ஒரு வரியாகச் சேர்த்து, நானே கையெழுத்திட்டுவிட்டு வந்தேன். சென்ற வாரம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்த விவரப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார்கள்.