ஓனரிடம் சொல்லிவிட்டேன், அது போதாதா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். சங்ககிரியில் ஒரு ஓனரிடம் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறேன். ஓசூரில் லோடு ஏற்றி சேலம், கரூர் பக்கம் இறக்குவோம். ஒரு மாதமாகவே பிரேக்கில் காற்று இறங்குகிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் காற்றழுத்த மீட்டரின் முள் பாதிக்குக் கீழே கிடக்கிறது. ஓனரிடம் நேரிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பில் வாய்ஸும் போட்டேன். "எஃப்.சி. இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, நீ பாட்டுக்கு ஓட்டு, அடுத்த டிரிப்ல பார்த்துக்கலாம்" என்கிறார். தொப்பூர் இறக்கம் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் அவர் மேலா, என் மேலா? நான் சொன்னதற்கு வாய்ஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா? எடுக்க மாட்டேன் என்றால், வாங்கிய அட்வான்ஸைக் கட்டிவிட்டுப் போ என்கிறார்.
– ஒரு டிரைவர், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் நம்பியிருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ஓனருக்கு எதிராக அது நல்ல சாட்சி. பழுது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் வண்டியை அனுப்பினார் என்று காட்டும். ஆனால் பழுது உங்களுக்கும் தெரியும் என்பதை உங்கள் குரலிலேயே சொல்வதும் அதுதான். சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்திருந்தால் அது உங்களைக் காக்கும். சொல்லிவிட்டு வண்டியையும் எடுத்தால், "தெரிஞ்சுதானே ஓட்டினீங்க?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பதற்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவர் மேலா, என் மேலா என்று கேட்டீர்கள். இரண்டு பேர் மேலும்தான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 190(1) பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவரையும் சேர்த்துக்கொள்கிறது, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பழுது அப்படிப்பட்ட ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரணமாகக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் சட்டம் பாதி அடைத்து வைத்திருக்கிறது. முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற உங்களுக்கு அந்த மீதிப் பாதியும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஆனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. உயிர் போய்விட்டால் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான, பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(1) வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் அதிகபட்சம் 2 ஆண்டு இருந்த தண்டனை, 2024 ஜூலை 1 முதல் 5 ஆண்டு வரை போகலாம். (லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்த அந்தப் பத்து வருஷ ஷரத்து 106(2). விபத்தைச் சொல்லாமல் ஓடிப்போகிறவர்களுக்கானது அது. சட்டம் அமலுக்கு வந்தபோது அதை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பழுது தெரிந்தும் ஓட்டினார் என்பதற்குச் சாட்சி பலமாக இருந்தால், இது வெறும் கவனக்குறைவு இல்லை என்று சொல்லி, இன்னும் கடுமையான 105-வது பிரிவுக்கு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) போலீஸ் கொண்டுபோகப் பார்க்கலாம். எல்லா வழக்கிலும் அது நிற்காதுதான். ஆனால் நிற்காது என்று தீர்ப்பு வருகிற வரைக்கும் கோர்ட்டுக்கு அலைவது நீங்கள்.

உங்கள் ஓனர் சொல்கிற எஃப்.சி. பேச்சு எனக்கு அலுத்துப்போன பேச்சு. எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று என்பது, ஆய்வாளர் பார்த்த அன்றைக்கு வண்டி நன்றாக இருந்தது என்பதற்கான சான்று. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நடுவில் பிரேக்கின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்ததா, டியூப் ஓட்டையா என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் நஷ்ட ஈட்டுக்கு உதவும், அது வேண்டியதுதான். கிரிமினல் கேஸில் உங்களுக்குப் பதிலாக இன்சூரன்ஸ் கம்பெனி கூண்டில் ஏறாது.

"திடீர்னு பிரேக் ஃபெயிலியர் ஆயிடுச்சு" என்ற வாதம் எடுபடாதா என்றால், எடுபடும், உண்மையிலேயே திடீரென்று ஆகியிருந்தால். 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இயந்திரக் கோளாறுதான் காரணம் என்கிற வண்டி உரிமையாளர், அந்தக் கோளாறு வெளியே தெரியாமல் மறைந்திருந்தது, நியாயமான கவனம் எடுத்தும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். அது நஷ்ட ஈட்டு வழக்கு. ஆனால் கிரிமினல் கோர்ட்டிலும் கேள்வி சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும். விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். கோளாறு எதுவும் இல்லை என்று அவர் எழுதினால் பழி உங்கள் ஓட்டுதல் மேல் விழும். கோளாறு இருந்தது என்று எழுதினால், எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள். ஒரு மாதமாக என்று வாய்ஸில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

தொப்பூரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பு கிடையாது, பாரம் முழுக்க பிரேக் மேல் விழுகிறது. டிரம் சூடாகி லைனிங் பிடிக்காமல் போகும். எஞ்சின் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் காற்றை ஏற்றும். நீங்கள் அதிகமாகக் காற்றைச் செலவழிக்கிற இடத்தில் வரவு குறைவு. கசிவு இல்லாத வண்டிக்கே இந்தக் கதி. கசிகிற வண்டியைக் கியரிலேயே இறக்கினாலும் அது சூதாட்டம்தான். இங்கே விபத்து நடந்தால் "இந்த ரோடு எப்படிப்பட்டது என்று தெரியாது" என்று எந்த டிரைவரும் சொல்ல முடியாது, அந்த அளவுக்குப் பேர் வாங்கிய இடம்.

இனி செய்ய வேண்டியது. வாய்ஸ் வேண்டாம், எழுத்தில் போடுங்கள். வண்டி நம்பர், தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, கடைசியாக ஒரு வரி: "இதைச் சரிசெய்யாமல் நான் வண்டியை எடுக்க மாட்டேன்." அந்த வரிதான் முக்கியம், அதை எழுதினால் அதன்படியே நடக்கவும் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி முள் இறங்குவதை வீடியோ எடுத்து அதோடு அனுப்புங்கள். பட்டறையில் காட்டி, என்ன மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டாவது எழுதி வாங்குங்கள். சரிசெய்த பிறகு பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போதாவது உண்மையிலேயே திடீர்க் கோளாறு வந்தால், கவனமாக இருந்தீர்கள் என்று காட்ட அந்த பில் உதவும். வழியில் கோளாறு தெரிந்தால் "இறக்கிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, இண்டிகேட்டர்களைப் போட்டு, பின்னால் முக்கோணம் வைத்துவிட்டு ஓனருக்குச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். லோடு தாமதமாவது அவருடைய வியாபாரக் கவலை.

அட்வான்ஸ் விஷயம். அது கடன், திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்கவில்லை என்றால் அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் கடனைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவதைத் தடுக்க 1976-இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஓட்டினால்தான் ஆச்சு என்று மிரட்டினால் அதையும் எழுத்தில் வரவழைக்கப் பாருங்கள். சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அதற்குத் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். சேலம் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் என்றால் 15100. அட்வான்ஸ் வாங்கியபோது வெற்றுப் பேப்பரிலோ புரோநோட்டிலோ கையெழுத்துப் போட்டிருந்தால், அங்கே போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள்.