கீரைக் கட்டுக்குக் கூப்பன் கிடையாது

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். கணவர், நான், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், சர்க்கரை நோயுள்ள மாமியார் என வீட்டில் நான்கு பேர். கணவரின் சம்பளம் பிடித்தம் போக 58,000 ரூபாய். குடும்பம் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று ஓராண்டாக முயன்று வருகிறேன். அதற்காகக் காய்கறி உட்பட மளிகை முழுவதையும் செயலிகளில் கூப்பன் பார்த்து கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். மாதம் 1,600 ரூபாய் மிச்சம் என்று செயலி காட்டுகிறது. ஆனால், 9,500 ரூபாயாக இருந்த செலவு 14,200 ஆகிவிட்டது. இதில் காய்கறி, பழத்துக்குப் போவது 1,200 ரூபாய்தான். ஃப்ரிட்ஜ் வாங்கியதில் தொடங்கிய கார்டு நிலுவை, இந்த மாத மளிகையும் சேர்த்து 61,000 ரூபாயாக நிற்கிறது. மாதாமாதம் மளிகைத் தொகையையும் அதற்கு மேல் 2,500 ரூபாயையும் கட்டுகிறேன். நிலுவை இறங்கவே இல்லை. அடுத்த ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக 50,000 ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. அதற்கு இன்னும் பதினொரு மாதம் உள்ளது. மளிகைக்கு 5 சதவீதம் கேஷ்பேக் தரும் இன்னொரு கார்டை வாங்கச் சொல்கிறான் என் தம்பி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தம்பியின் அக்கறையில் குறையில்லை. ஆனால் 14,200 ரூபாய்க்கு 5 சதவீதம் என்பது 710 ரூபாய், அதற்கும் பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு இருக்கும். உங்கள் வீட்டில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நிலுவை உள்ள கார்டிலேயே தொடர்ந்து மளிகை வாங்குவதுதான் அந்த ஓட்டை.

கார்டில் வாங்கினால் நாற்பது, ஐம்பது நாட்களுக்கு வட்டியில்லை என்பது முழுத் தொகையையும் கட்டிவிடுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பகுதியை நிலுவையில் வைத்துவிட்டால், அடுத்து வாங்கும் ஒரு கிலோ உளுந்துக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 61,000 ரூபாய்க்கு வட்டி 2,135; அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 384; ஆக ஏறக்குறைய 2,520 ரூபாய். நீங்கள் மாதந்தோறும் கூடுதலாகக் கட்டுகிற 2,500 ரூபாய் முழுவதும் வட்டிக்கே போய்விடுகிறது என்பதால்தான் நிலுவை நகரவில்லை. கூப்பன் 1,600 ரூபாயைக் கொடுக்கிறது, கார்டு 2,520 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கைச் செயலி ஒருநாளும் உங்களுக்குக் காட்டாது.

அந்த 1,600 ரூபாயும் உண்மையான மிச்சம்தானா? நீங்கள் அனுப்பியிருந்த பில்லையே எடுத்துக்கொள்வோம். துவரம் பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய் ஆகியவை 655 ரூபாய். வீட்டுக்குத் தேவைப்பட்டவை இவ்வளவுதான். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 120 ரூபாய் தள்ளுபடி என்பதற்காக மல்டிகிரெய்ன் பிஸ்கட் இரண்டு பாக்கெட், ஒரு லிட்டர் மாம்பழ பானம், ஹெல்த் டிரிங்க் தூள் என 352 ரூபாய்க்குச் சேர்த்திருக்கிறீர்கள். 655 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய பில், தள்ளுபடி போக 887 ரூபாயில் முடிந்திருக்கிறது. அந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மூலப்பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. மைதாவும் சர்க்கரையும் முன்வரிசையில் இருந்தால், முன்பக்கத்தில் எத்தனை தானியக் கதிர்களை வரைந்திருந்தாலும் அது மைதா பிஸ்கட்தான். ஹெல்த் டிரிங்க் என்ற ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் மாமியார் எதைச் சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும், கூப்பன் சொல்ல வேண்டாம்.

கூப்பனுக்கான பணம் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் விளம்பரச் செலவிலிருந்து வருகிறது. அரைக்கீரைக்கும் அவரைக்காய்க்கும் அப்படி ஒரு நிறுவனம் இல்லாததால், கூப்பனைப் பின்பற்றிப் போகும் சமையலறை தானாகவே பொட்டல உணவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதில் உருளைக்கிழங்கும் நம்மூர் மரவள்ளிக்கிழங்கும் சேராது. நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ ஆகிறது. பருவத்தில் மலிவாக வருவதைப் பார்த்து, சராசரியாகக் கிலோ 45 ரூபாய்க்கு வாங்கினால் சுமார் 2,200 ரூபாய். நீங்கள் செலவிடுவது 1,200. சத்துக்காகச் செலவு ஏறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்; ஏறிய 4,700 ரூபாயில் பெரும்பகுதி காய்கறிக் கூடைக்கு வந்து சேரவில்லை. உழவர் சந்தை அஸ்தம்பட்டியிலேயே இருக்கிறது. வாரம் இருமுறை காலையில் போய், அன்றைய விலைப் பலகையைப் பார்த்து ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். வெளிநாட்டு அவகாடோவுக்கு வரும் சலுகையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஏற்காட்டிலேயே அது பட்டர் ஃபுரூட் என்ற பெயரில் விளைகிறது.

இனிச் செய்ய வேண்டியது. வைப்பை முறித்து 50,000 ரூபாயையும் கார்டில் கட்டிவிடுங்கள். மகளின் பணத்தைத் தொடுவதா என்று மனம் தயங்கும், அது இயல்புதான். ஆனால் 7 சதவீதத்தில் அந்தப் பணம் மாதம் 290 ரூபாய் சம்பாதிக்கும்போது, அதே அளவு கடனுக்கு நீங்கள் 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி கட்டுகிறீர்கள். முன்கூட்டியே முறிப்பதற்காக வங்கி வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைத்தாலும் கவலையில்லை. மளிகையைப் பழைய 9,500 ரூபாயோடு காய்கறிக்கு 1,000 கூட்டி 10,500 ரூபாயில் நிறுத்துங்கள். இப்போது மளிகைக்கு 14,200, அதற்கு மேல் 2,500 என மாதம் 16,700 ரூபாய் வெளியே போகிறது. அதில் 6,200 ரூபாய் மிஞ்சும். பாக்கி 11,000 ரூபாய் இரண்டு மாதத்தில் அடைந்துவிடும். பிறகு அதே 6,200 ரூபாயை மாதந்தோறும் வங்கியில் போட்டால், ஜூனுக்குள் 50,000 திரும்பிவிடும்.

கூப்பனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய், பருப்பு, சோப்பு என்று எப்படியும் வாங்கப்போகும் பொருளுக்கு, பட்டியலை எழுதி முடித்த பிறகு கூப்பன் பொருந்தினால் பயன்படுத்துங்கள், ஆனால் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் செலுத்துங்கள். செயலியில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை இன்றே நீக்கிவிடுங்கள். நிலுவை முழுவதையும் அடைத்த பிறகும், இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அடுத்த பில்லில் ஒரு சிறு தொகையாக வரும். தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி அதை விட்டுவிடாமல் கட்டி முடித்து, அதற்கடுத்த பில் பூஜ்யத்தில் வருகிறதா என்று பாருங்கள்.