டென்ட் எங்கே போடலாம், கேரவன் எங்கே ஏறும்? மலை கேம்பிங் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை விட்டுக் குளிர் ஆரம்பித்தால் கேம்பிங் கேள்விகள் குவிந்துவிடும். பெரும்பாலும் எந்த பிராண்ட் டென்ட் வாங்கலாம் என்றுதான் கேட்கிறீர்கள். எந்த இடத்தில் போடலாம் என்று கேட்பவர்கள் குறைவு, எனக்கோ அதுதான் முதல் கேள்வியாகத் தெரிகிறது.

நண்பர்கள் நாலு பேர், சொந்த டென்ட் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் காட்டுக்குள் போட்டுக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? (சேலம்)

வனத்துறை கேட்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், அதில் டென்ட் வேறு போட்டு அடுப்பும் பற்றவைத்தால் அபராதத்தோடு போகாது. சாலையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும், ஆனால் அதில் எது காப்புக்காடு, எது வருவாய் நிலம், எது பட்டா எஸ்டேட் என்று உள்ளூர்க்காரரைக் கேட்காமல் தெரியாது. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு மட்டும் போடுங்கள். கொழுக்குமலையில் போடப்படும் டென்ட்கள் எஸ்டேட் நிலத்தில் இருப்பவைதான். இடம் தேனி மாவட்டம் என்றாலும் ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லி வழியாக என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அனுமதி, அனுமதி என்று அலுப்பூட்டுவதாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்த மலைச் சரிவின் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், காற்றும் சேர்ந்துகொண்டால் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. நடந்தே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. 40 பாதைகளுடன் ஆரம்பித்தார்கள், ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம்.

3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற டென்ட். ஊட்டியில் மழையே இல்லை, காலையில் ஸ்லீப்பிங் பேக் ஈரம். ஏமாந்துவிட்டேனா? (கோவை)

இல்லை, அது நீங்கள் விட்ட மூச்சு. அந்த 3000 என்பது, துணிமேல் அவ்வளவு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஒழுகாது என்ற கணக்கு, நம் ஊர் மழைக்குத் தாராளம். ராத்திரி முழுக்க இரண்டு மூன்று பேர் விடுகிற மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. விரலால் உள்கூரையைத் தடவிப் பாருங்கள். எங்கு தடவினாலும் பொடிப்பொடியாகத் துளி ஒட்டினால் அது மூச்சு, தையல் ஓரத்திலோ ஒரே மூலையிலோ மட்டும் சொட்டினால்தான் ஒழுகல். குளிருகிறது என்று ஜன்னல் வலையை அடைத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வினை. எதிரெதிரே இரண்டு பக்கம் நாலு விரல் இடைவெளியாவது திறந்திருக்கட்டும், மேல் விரிப்பு உள் டென்டைத் தொடாமல் விறைப்பாக இருக்கட்டும், ஈர ஷூவும் துண்டும் வெளியே கிடக்கட்டும்.

அப்புறம் இடம். ஓடைக்குப் பக்கத்துப் பள்ளம் படம் எடுக்க அழகுதான், ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி இறங்கி அங்கேதான் தேங்கும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான இடங்களில் உறைபனி கொட்டுவது அதனால்தான். சரிவில் கொஞ்சம் மேலே ஏறிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். யூகலிப்டஸ் மரத்தடி மட்டும் வேண்டாம், காற்றே இல்லாத நேரத்திலும் காய்ந்த கிளை விழும்.

காசு இருந்தால் முதலில் நல்ல பாய் வாங்குங்கள். உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும் ஸ்லீப்பிங் பேக்கால் தரைக் குளிரைத் தடுக்க முடியாது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

குளிருக்குக் கரி அடுப்பை டென்டுக்குள் வைக்கலாமா? வாசலைத் திறந்துதான் வைப்போம். (மதுரை)

வேண்டாம். புகை அடங்கி, கங்கு மட்டும் சிவப்பாக இருக்கும்போதும் அது கார்பன் மோனாக்சைடு விட்டுக்கொண்டேதான் இருக்கும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் ஸ்டவ்வுக்கும் இதே பதில்தான். வெந்நீரை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, பழைய சாக்ஸுக்குள் போட்டு, கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், விடிகிற வரை தாங்கும்.

வயநாட்டில் டென்ட் கேம்ப் புக் செய்திருக்கிறோம். கேம்ப் ஃபயர் எரிந்தால் யானை வராதாமே? (ஈரோடு)

அப்படி உத்தரவாதம் யாராலும் தர முடியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்க வந்த பெண் யானை தாக்கி இறந்தார். அதன் பிறகு அனுமதி இல்லாத டென்ட் தங்குமிடங்கள் மீது அங்கே நடவடிக்கை எடுத்தார்கள். உங்கள் கேம்ப்காரரிடம் உரிமம் இருக்கிறதா, அகழியோ சோலார் வேலியோ உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம், ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா என்று நாலு கேள்வி கேளுங்கள். மழுப்பினால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, ரத்து செய்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். புது யானைச் சாணம், மரப்பட்டையில் உரசிய சேறு, ஒடிந்த மூங்கில் இதெல்லாம் கண்ணில் பட்டால் நீங்கள் நிற்பது யானையின் வழித்தடம். வாழைப்பழம், பலாப்பழம், உப்பு, அரிசி எதையும் டென்டில் வைக்காதீர்கள். ராத்திரி வெளியே போனால் இரண்டு பேராக, டார்ச்சோடு. ஒருவேளை வந்தேவிட்டால் முகத்தில் வெளிச்சம் அடிப்பது, வீடியோ எடுப்பது எல்லாம் கூடாது, சத்தமில்லாமல் பின்வாங்கி கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

வயதான அப்பா அம்மாவுக்கு டென்ட் சரிவராது. கேரவன் வாடகைக்கு எடுத்து வால்பாறையோ கொல்லிமலையோ போகலாமா? (சென்னை)

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வேன் அடிச்சட்டத்தில் கட்டிய சிறிய கேரவன் என்றால் வால்பாறை சரி, கொல்லிமலைக்கு அதுவும் வேண்டாம் என்பேன். தண்ணீர்த் தொட்டியை மேலே போய் நிரப்புங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ, வளைவில் ஆடும். இறங்கும்போது ஏறின கியரிலேயே வரச் சொல்லுங்கள். பிரேக்கில் தீய்ந்த வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

காட்டுச் சாலையோரம் நிறுத்தி ராத்தங்க முடியாது. தங்குமிடத்தில் பேசி வளாகத்துக்குள் நிறுத்துங்கள், 15 ஆம்பியர் பிளக் உண்டா என்று அப்போதே கேளுங்கள். கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதை வண்டி கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஓடையில் திறந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், வெட்கக்கேடு. கேரளம் 2021-இலேயே கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, வாகமணில் கேரவன் பார்க் இருக்கிறது. பெற்றோருக்கு அதுவே சுகம். நீலகிரி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், மறக்க வேண்டாம்.

அட்டைக்கு என்ன மருந்து? (தஞ்சாவூர்)

உப்பு போதும். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தால் வாயோரம் நெம்பி எடுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. உண்ணிதான் கவனிக்க வேண்டியது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் வைத்தியம் எல்லாம் வேண்டாம். திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அக்குளிலோ இடுப்பிலோ கருப்பாகப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.