ஐயா தோளில் கிடக்கும் கை

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். பூர்வீக வீட்டு இரண்டாம் கட்டில் இருந்த தகரப் பெட்டியில் அவருடைய படங்கள் நாற்பது போல் கிடைத்தன. பலவற்றில் ஐயாவும் இன்னொருவரும் விரல் பின்னி, தோளில் சாய்ந்து நிற்கிறார்கள். ஒன்றின் பின்னால் ‘பிரியம் மறவாமலிருக்க, ஆங்கீரச ௵ தை ௴’ என்று எழுதியிருக்கிறது. சிலவற்றில் பூஞ்சை. சட்டம் போட்ட பெரிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா வீட்டு அண்ணன், இன்னொருவரை வெட்டிவிட்டு ஐயாவை மட்டும் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வைப்போம் என்கிறார். என்ன செய்வது?
– தேவகோட்டை வாசகி

பதில்: முதலில் கத்தரிக்கோலை ஒளித்துவையுங்கள். ஐயா மட்டும் போதும் என்றால் ஸ்கேன் பிரதியில் வெட்டிக்கொள்ளலாம். மூலத்தை வெட்டினால் இன்னொருவர் போய்விடுவார், ஆனால் ஐயா தோளில் அவர் கை மிஞ்சும். ‘இது யார் கை?’ என்றுதான் படைப்புக்கு வருகிற அத்தனை பேரும் கேட்பார்கள். பின்பக்க எழுத்தும் பாதி போகும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் ஆண்கள் கைகோத்து நிற்பது சாதாரணம். அமெரிக்காவில்கூட 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள்; நடுவே இடைவெளி விழுந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறியவர்கள், கடையிலேயே ஒன்றாக உண்டு உறங்கியவர்கள். சிநேகமா, அதற்கும் மேலா என்று படம் மட்டும் சொல்லாது. நீங்களும் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். ‘நண்பர்’, ‘காதலர்’ இரண்டுமே வேண்டாம். ‘இடது: ஐயா. வலது: பெயர் தெரியவில்லை. விரல் பின்னியிருக்கிறார்கள்’ என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். எழுதுவது 2பி பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

ஆங்கீரச வருஷம் 1932 ஏப்ரலில் பிறந்தது. அதன் தை மாதம் 1933 ஜனவரி, பிப்ரவரியில் வரும். 1932 என்று குறித்துவிடாதீர்கள், பலர் சறுக்குகிற இடம் இது. அறுபது வருஷம் பின்னால் தள்ளி 1873 ஆக இருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம், இந்த மாதிரிப் படத்தாள் அப்போது புழக்கத்திலேயே இல்லை.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்கவே கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது ஊறி இளகிக் கண்ணாடியைப் பிடிக்கும், பிறகு காய்ந்து இறுகும். அப்போது தாளைவிடக் கண்ணாடியோடுதான் அதற்குப் பிடிப்பு அதிகம். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கி, கையில் வெறும் தாள் வரும். தண்ணீரில் ஊறவைப்பதும் வீட்டில் செய்கிற வேலையல்ல. கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் சாயம் ஓடிவிடும். சட்டத்தையும் பின்பலகையையும் மட்டும் கழற்றி, கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் பழைய சந்தனம், குங்குமம் இருந்தால் லேசாக நனைத்த துணியால் துடைக்கலாம், ஈரம் விளிம்பில் இறங்காமல். பிறகு கண்ணாடியோடே படம் எடுங்கள்: இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்கு முன் கறுப்புத் துணி, லென்ஸுக்கு மட்டும் அதில் ஓட்டை. பிரதிபலிப்பு விழாது. புதுப் பிரதியைச் சட்டம் போடும்போது மவுன்ட் அட்டை வைத்து, படம் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சைப் படங்களைத் தனியே பிரியுங்கள். முகக்கவசம் அவசியம். வெயிலில் போட்டால் படம் சுருண்டு வெடிக்கும். நிழலில், நேரே படாத மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலரட்டும். தொட்டால் பிசுபிசுக்காத நிலை வந்ததும் மென்மையான பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஈரத்துணி பட்டால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் அப்படியே வழித்துக்கொண்டு வரும். கறுப்புப் பகுதிகளில் நீலப் பளபளப்பு தெரிந்தால் அது அழுக்கல்ல, படத்தின் வெள்ளி மேலே வந்திருக்கிறது. ரப்பர் வைத்துத் தேய்க்காதீர்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ, உள்ளங்கை அளவுப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளைதானே என்று விடாமல் வண்ணத்தில், டிஃப் (TIFF) கோப்பாக, ஓரம் வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வெளியூரில்.

வைக்கும் உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பி.வி.சி., வேண்டாம். லாமினேஷன், செல்லோடேப், ஒட்டும் பக்க ஆல்பம், பாச்சா உருண்டை எதுவும் கூடாது. மைதாப் பசை போட்ட ஆல்பம் இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். ஆனாலும் படங்களைப் பிய்க்காமல் ஆல்பத்தை முழுசாகவே வையுங்கள், அடுக்கிய வரிசையும் ஒரு தகவல்தான். பூட்டிக் கிடக்கிற வீட்டில் சிலிக்கா ஜெல் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. படங்களை ஆள் குடியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய், வெளிச்சுவர் ஒட்டாத இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். ஈரப்பதமானி 30க்கும் 50க்கும் இடையில் காட்டினால் நல்லது; 65ஐத் தாண்டினால் பூஞ்சை திரும்பும்.

அந்தத் தகரப் பெட்டியை மட்டும் காலி செய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடிதம், பேரேடு, சம்பளச்சீட்டு ஏதாவது அடியில் கிடந்தால், ‘பிரியம் மறவாமலிருக்க’ என்ற கையெழுத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ‘ற’வின் கால் எப்படி இறங்குகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வலது பக்கம் நிற்பவரின் பெயர் அங்கே கிடைக்கலாம். கிடைத்தால், படத்தை வாட்ஸ்அப்பில் போடுமுன் அவர் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.