பெல்ட்டுக்குப் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் மகள் வயிற்றுப் பேத்தியோடு இருக்கிறேன். அவள் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. வழியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. போன வாரம் ஒருவன் பைக்கில் கூடவே மெதுவாக வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறான். கராத்தே மாஸ்டர் ஒருவர், ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட், அரசு வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா சான்றிதழ், எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் என்கிறார். பக்கத்து வீட்டில் சிலம்பம் என்கிறார்கள். வர்மம் தெரிந்தால் ஒரு விரல் போதும் என்கிறார் இன்னொருவர். எதில் சேர்க்கலாம்?

பதில்: ஆச்சி, அந்த 28,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட மாஸ்டர்கள் "இந்த மாதம் சேர்ந்தால் சலுகை" என்று அவசரப்படுத்துவார்கள்.

உங்கள் பேத்திக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒருவன் கையையோ முடியையோ துப்பட்டாவையோ பிடித்தால் உதறிக்கொண்டு விடுபட வேண்டும். தொண்டையிலிருந்து சத்தம் வர வேண்டும். ஆள் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். இதைக் கராத்தேயிலும் கற்கலாம், சிலம்பத்திலும் கற்கலாம். எதிரே நிற்பவர் உண்மையாகவே இறுக்கிப் பிடித்து, விடமாட்டேன் என்று மல்லுக்கட்டும் வகுப்பாக இருந்தால் மட்டும்.

காற்றில் குத்தும் உதையும் வரிசையாகச் செய்வதைக் கராத்தேயில் கட்டா என்பார்கள். உடம்புக்கு நல்லது, பார்க்கவும் அழகு. ஆனால் அதை மட்டுமே செய்தவர் ஊருணிக் கரையில் நின்று கையை வீசி நீச்சல் பழகியவர் மாதிரி. 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கியபோது, எலும்பை முறிக்கும் ஆபத்தான முறைகளைப் போட்டியிலிருந்து விலக்கினார். மிச்சமிருந்த வீச்சையும் பிடியையும் இருவர் முழு பலத்தோடு மோதிப் பழகும்படி செய்தார். யார்மீதும் போட்டுப் பார்க்க முடியாத நூறு கொடிய அடிகளைவிட, தினமும் எதிர்ப்போடு பழகிய நாலு எளிய பிடிகள் ஆபத்தில் கைகொடுக்கும். இது நான் கண்கூடாகப் பார்ப்பது.

வர்மம் பற்றியும் அதேதான் சொல்வேன். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று உடம்பில் 108 இடங்களைச் சொல்லும் பெரிய மருத்துவ மரபு அது. நல்ல ஆசான் அதை வருடக்கணக்கில் கூட வைத்திருந்துதான் கொடுப்பார். பயத்தில் இதயம் படபடக்கும்போது விரல் நடுங்கும், நுணுக்கமான வேலை எதுவும் கையில் வராது. அந்த நேரத்தில், திமிறும் ஒருவனின் உடம்பில் காசு அளவு இடத்தைத் தேடிக் குத்து என்று ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வர்மப் பயிற்சி என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம் அனுப்பாதீர்கள்.

ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை மூன்றும் இந்த வேலைக்கு முதல் தரம். பக்கத்தில் யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் யோசிக்காமல் சேருங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம், சிலம்பத்துக்கு வாருங்கள். நெற்றி உயரக் கம்பைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாதே என்று கேட்பீர்கள். கம்புக்காக அனுப்பச் சொல்லவில்லை. பழைய ஆசான்கள் கம்போடு குத்துவரிசையும் பிடியும் சொல்லிக் கொடுப்பார்கள். வெறுங்கையால் அடிப்பது, பிடியிலிருந்து கழன்று வருவது எல்லாம் அதில் அடக்கம். சிலம்பத்தின் காலடி ஒன்றே போதும், அடி வரும் நேர்க்கோட்டிலிருந்து உடம்பு தானாக விலகப் பழகிவிடும். ஆனால் வேலு நாச்சியார் படத்தைப் பேனரில் போட்டுவிட்டு, ஆண்டுவிழாவுக்கு அலங்காரச் சுற்று மட்டும் பழக்கும் இடங்களும் நம் சிவகங்கைச் சீமையில் நிறைய இருக்கின்றன. குத்துவரிசை உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

சேர்க்கும் முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். நீங்களே போங்கள், ஆச்சி. பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் பெண்பிள்ளையை விடக்கூடாது, அதற்கு மேல் பேச்சே இல்லை. பிள்ளைகள் ஜோடி சேர்ந்து பழகுகிறார்களா? பிடித்தவர் மாஸ்டர் சொன்னதும் விட்டுவிடுகிறாரா, இல்லை உண்மையாகவே இழுக்கிறாரா? பிடிபட்டவர் முதல் தடவை தோற்று, மறுபடி முயன்று வெளியே வருகிறாரா? கத்தச் சொல்கிறார்களா? பயத்தில் முதலில் அடைபடுவது குரல்தான், அதனால் சத்தம் போடுவதையும் பழக வேண்டும். இவையெல்லாம் இருந்தால், சுவரில் எந்தக் கொடி தொங்குகிறது என்பது முக்கியமில்லை.

இனி பெல்ட் வியாபாரம். நிறத்துக்கு ஒரு கிரேடிங், கிரேடிங்குக்கு ஒரு கட்டணம், அப்புறம் பெல்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி, வெளியூரிலிருந்து வரும் "கிராண்ட் மாஸ்டர்" தங்கும் செலவும் உங்கள் தலையில். ஒழுங்காகப் பழகினால் பிளாக் பெல்ட்டுக்கு மூன்று நான்கு வருடமாவது ஆகும். ஒரே வருடத்தில் தருகிறேன் என்பவர் துணியைத்தான் விற்கிறார். இதைவிட என்னை வருத்துவது உலக சாதனை வியாபாரம். பிள்ளைகளை ஆணிப் பலகைமேல், பானைமேல் நிற்கவைத்து மணிக்கணக்கில் கம்பு சுற்றவிடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வசூலித்துக்கொண்டு, எங்கோ ஒரு தனியார் அமைப்பின் மெடலைக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு பிடியிலிருந்து விடுபடத் தெரியும்?

ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது அதே வியாபாரத்தின் அடுத்த கடை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடி வென்றதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பெல்ட் சான்றிதழுக்கு மதிப்பில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும், தடுக்கி விழுந்தால் ஒரு சிலம்பச் சங்கம் என்றாகிவிட்டது. எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் வாசலில் ஒரு பெயர்ப்பட்டியல் ஒட்டினால் இந்தக் கூட்டம் பாதி கலைந்துவிடும். அதைச் செய்ய ஏன் யாருக்கும் மனம் வரவில்லை? பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு அரசே தற்காப்புப் பயிற்சி தருகிறதே என்பீர்கள். ராணி லட்சுமிபாய் பெயரிலான அந்தத் திட்டம் மூன்று மாதம்தான். மூன்று மாதத்தில் பிள்ளை நிற்கப் பழகுவாள், அத்தோடு பயிற்சியாளர் போய்விடுவார்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். நம் செட்டிநாட்டு வீடுகள் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடப்பவை. அதனால் பக்கச்சுவர் ஓரமாக நடக்கும்போது, தட்டுவதற்கு ஒரு கதவுகூட இருக்காது. பேத்தி எந்த வழியாக வருகிறாள் என்று ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள். எந்த வீட்டில் வாட்ச்மேன் இருக்கிறார், எந்தப் பெட்டிக்கடை எட்டு மணிவரை திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பத்து நிமிடம் கூடுதலானாலும் முகப்புகள் இருக்கும் தெருவழியாகவே வரட்டும். பைக் கூடவே வந்தால் உடனே திரும்பி, வந்த திசையிலேயே வேகமாக நடக்க வேண்டும். பைக்கைத் திருப்ப அவனுக்கு நேரமாகும். "பின்னாடி வராதே" என்று தெருவே கேட்கும்படி சொல்லட்டும். கையைப் பிடித்தால், அவனுடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி உருவ வேண்டும், பிடி திறப்பது அங்கேதான். அடிக்க நேர்ந்தால் மூடிய கையால் குத்தாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் அடிக்கட்டும். பழகாத கை குத்தினால் சொந்த விரல் எலும்பே முறியும்.

எதிர்த்து நில் என்று இவ்வளவு சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். அவன் கை வைத்தது சங்கிலியில் என்றால் எதிர்க்கவே கூடாது. ஓடும் பைக்கிலிருந்து இழுப்பவனோடு மல்லுக்கட்டினால் பைக்கின் வேகம் முழுவதும் உங்கள் கழுத்தில் இறங்கும். கீழே விழுந்து, தலை ரோட்டில் மோதும். போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். தோள்பையும் அப்படித்தான், வாரைக் குறுக்காக மாட்டிக்கொண்டால் அது ஆளையும் சேர்த்து இழுக்கும். பைக் ஓடும் பக்கமாக இல்லாமல் சுவர்ப்பக்கத் தோளில் தொங்கட்டும். இது உங்களுக்கும்தான், ஆச்சி. கோயிலுக்குப் போகும்போது யாராவது கழுத்தில் கை வைத்தால், பாரம்பரிய நகை, அப்பச்சி போட்டது என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். பிடித்துக்கொண்டவர்கள்தான் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். நகை பறிப்பு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் தனிக் குற்றம், புகார் கொடுத்துப் பின்னால் போகலாம். நம் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை தடவை சொல்கிறேன்.

சட்டத்துக்கு அவள் பயப்பட வேண்டாம். தற்காப்புக்காகத் தேவையான அளவு திருப்பி அடிக்க அதே சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் உரிமை தருகின்றன. அவன் ஓடத் தொடங்கியபின் துரத்தி அடித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னபிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 78ஆம் பிரிவில் குற்றம். அவள் தெருவில் போடும் சத்தத்துக்கு இந்த வகையிலும் பயன் உண்டு.

வாரம் இரண்டு நாள், மாதக் கட்டணம் மட்டும், முன்பணம் வேண்டாம் என்று சொல்லிச் சேருங்கள். ஆறு மாதம் கழித்து வீட்டு முகப்பில் அவள் கையை நீங்களே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் அவள் அப்பாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் பிடியிலிருந்து வரமுடியவில்லை என்றால் வகுப்பை மாற்றுங்கள். அந்த பைக்காரன் மறுபடி வந்தால் காத்திருக்காமல் 112க்கோ 181க்கோ கூப்பிடுங்கள். வண்டி எண்ணை எழுதி வைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் என்பார்கள், ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள்.