வேதியியலில் 97, விருப்பமோ ஃபிளாரன்ஸ் ஓவியம்

பிளஸ் டூ வேதியியலில் 97 மதிப்பெண் எடுத்த மகள் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள், அவளுடைய மாமாவோ கணினிப் பொறியியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசிவிட்டார் என்று ஒரு தம்பதியர் கலங்கி வந்தார்கள். ஆறுதல் சொல்லத் தொடங்கிய நான், அந்த இடத்துக்காக வீட்டை அடகு வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். அந்த அடகு வேண்டாம்.

ஓவியம் வரைந்த குற்றத்துக்காக மைக்கலாஞ்சலோவைத் தந்தையும் சிற்றப்பன்மாரும் அடித்தார்கள். அதே தந்தை 1488இல் ஓவியர் கிர்லாண்டாயோவின் பட்டறையில் மகனைச் சேர்த்தபோது, மூன்றாண்டுக்கு 24 ஃபுளோரின் நாணயம் ஊதியம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். கணக்குப் பார்ப்பது தவறன்று, நீங்களும் பாருங்கள்.

நுண்கலைக் கல்லூரியும் வரலாற்றுப் பட்டமும் எல்லோரும் அறிந்தவை. நான் சொல்வது கலைப்பொருள் பாதுகாப்பு, அதாவது சிதைந்த பழைய ஓவியங்களையும் சிலைகளையும் சீராக்கிக் காக்கும் தொழில். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆற்று வெள்ளம் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்து, பழம்பெரும் ஓவியர் சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தையே சிதைத்தது. ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டிய சுவரோவியங்களில் சுண்ணாம்பு ஜிப்சமாக மாறி, வண்ணம் பொரிந்து உதிரும் சிக்கலுக்கு என்சோ ஃபெர்ரோனி என்ற வேதியியலாளரும் தினோ தினி என்ற சீரமைப்பாளரும் வழி கண்டார்கள்: அம்மோனியம் கார்பனேட் ஜிப்சத்தை மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக்கும்; எஞ்சும் சல்பேட்டை பேரியம் ஹைட்ராக்சைடு கரையாத உப்பாகப் பிடித்துவைக்கும். உங்கள் மகள் பள்ளியில் சமன்செய்த சமன்பாடுகள்தாம் இவை. 1588இல் ஃபிளாரன்சை ஆண்ட மெடிசி குடும்பத்தார் வண்ணக்கல் இழைக்கும் பட்டறையாக அங்கே தொடங்கிய ஒப்பிஃபிச்சோ என்ற நிறுவனம் இன்று இத்தொழிலைக் கற்பிக்கும் ஐந்தாண்டுப் பள்ளியையும் நடத்துகிறது. ஆனால் அங்கே இடங்கள் மிகக் குறைவு. பாடம் இத்தாலிய மொழியில். நுழைவுத் தேர்வில் கைத்திறனையும் சோதிப்பார்கள்.

எனவே கடன் வாங்கி, அயல்நாட்டுத் தனியார் கல்லூரியின் குறுகியகாலச் சான்றிதழுக்கு அவளை அனுப்பாதீர்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் வேதியியல் இளங்கலை, மாலையில் ஓவியமும் இத்தாலியமும், பிறகு நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பாதுகாப்பியல் முதுகலை, அதன் பின்னரே உதவித்தொகையுடன் இத்தாலி என்ற வரிசையே உங்கள் வருமானத்துக்குத் தாங்கும். வேலையிடங்கள் குறைவு என்பதையும் மென்பொருள் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

1930களிலேயே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பரமசிவன் என்ற வேதியியலாளர் வெண்கலச் சிலைகளின் அரிமானத்தை மின்பகுப்பு முறையால் நீக்கியிருக்கிறார். இந்த விடுமுறையில் அங்கே அழைத்துப் போய், ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு ஓர் அங்குலத்தை நாள் முழுவதும் துடைக்கும் பொறுமை தனக்கு உண்டா என்பதை அவள் சொல்லட்டும். மாமா சொல்ல வேண்டாம்.