குடியுரிமை வாங்கிய இந்தியர் அமெரிக்க அதிபர் ஆக முடியுமா?

முடியாது. எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்து வரி கட்டியிருந்தாலும் முடியாது. அதிபராக வருபவர் 35 வயது நிறைந்தவராக, 14 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்தவராக, பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாவது பிரிவு. முதல் இரண்டும் காலம் போனால் கைகூடும். மூன்றாவதற்கு வழியே இல்லை.

நீங்கள் பொது அறிவுக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் கைக்குழந்தையோடு விமானம் ஏறப் போகிற ஒருவர் கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

என் மகன் மதுரையில் பிறந்தவன். 2006 டிசம்பரில், 11 மாதக் குழந்தையாக நியூஜெர்சிக்கு வந்தான். மகள் 2010இல் இங்கேயே பிறந்தாள். 2019இல் நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது, அப்போதிருந்த 100 கேள்விகளையும் சின்ன அட்டைகளில் எழுதி வைத்திருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பான். மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம் யாருக்கு? அதிபருக்கு. அதிபரும் துணை அதிபரும் இல்லாமல் போனால்? பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். ராணுவத்தின் தலைமைத் தளபதி யார்? அதிபர். அந்த அட்டையைக் கீழே வைக்காமல், "தங்கச்சி அதிபர் ஆகலாம், நான் ஆக முடியாதாம். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். உண்மையா அப்பா?" என்றான். அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தான். பதில் தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த விதிக்குக் காரணம் அந்த அட்டையிலேயே இருந்தது. படைத் தலைமை பிறப்பால் குடிமகனானவரைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று 1787இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, அந்நாளைய வெளியுறவுச் செயலர் ஜான் ஜே கடிதம் எழுதினார். நாடு புதியது, அந்நியர் எவராவது உள்ளே புகுந்து பிடித்துக்கொள்வாரோ என்று பயந்தார்கள். அன்றைக்கு அது நியாயம். அதே விதி ஒரு கைக்குழந்தையைத் தடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாழ்வு தந்த நாட்டையே குறை சொல்கிறான் என்று சிலர் வருவீர்கள். இல்லை. இதையே சொன்னவர் இந்நாட்டுச் செனட்டராக இருந்த ஆரின் ஹேட்ச். குடியுரிமை பெற்று 20 ஆண்டுகள் ஆனவர் அதிபராகலாம் என்று 2003இல் அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அரசியலமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவிலோ குடியரசுத் தலைவருக்கு 35 வயது உண்டு, பிறப்பு நிபந்தனை கிடையாது. கமலா ஹாரிஸ் போட்டியிட்டாரே என்பீர்கள். அவர் தாயார்தான் நம் ஊரிலிருந்து வந்தவர். அவர் பிறந்தது ஓக்லாந்தில்.

    

நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே, கிரீன் கார்டு வைத்திருந்த மகனும் குடிமகனானான். அவனுக்குத் துணை அதிபர் பதவியும் கிடையாது. அதற்கும் அதே தகுதிகள்தான். ஆனால் குடிமகனாகி 7 ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபைக்கும், 9 ஆண்டுகளில் செனட்டுக்கும் போகலாம், வயதும் இருந்தால். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2017 முதல் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். அட்டையும் கையுமாக மகன் அந்தக் கேள்வி கேட்ட இரவில், கடைசியில் அவனிடம் பிரமிளாவைப் பற்றித்தான் சொன்னேன். "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தான்.